சம்மதம் சொல்லாத பெர்னா

ரோமாபுரியில், ஆற்றோரத்து யூதர் குடியிருப்பில், பெர்னாவைப்போலப் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்க ஆளில்லை. அவளைப்போல எதிர்த்துப் பேசவும் ஆளில்லை. அந்த வாய்தான் அவளைக் காப்பாற்றியது என்பார்கள். வாயல்ல, பிடிவாதம் என்பாள் அவள் தாய் ரிக்கா.

அவளுக்கு நிச்சயித்திருந்த திராங்குவில்லோ திடீரென்று ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டான். வாங்கியவன் சும்மா இருந்தானா? "அவள் எனக்கு உரியவள், அவளையும் திருச்சபைக்குக் காணிக்கையாகத் தருகிறேன்" என்று சொல்லிவிட்டான். சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. மறுநாளே காவலர்கள் வண்டியோடு வந்து, மதம் மாறுவோருக்கான மடத்தில் அவளை அடைத்தார்கள். மனம் மாற நாற்பது நாள் தவணை; அதுவரை சம்மதிக்காவிட்டால் விட்டுவிட வேண்டும். அதற்குள் 'சரி' என்று ஒரு சொல் நழுவினால் போதும். தாயையும் தெருவையும் அவள் மறுபடி பார்க்க முடியாது.

மடத்துக் குருவானவர் தோன் லெலியோ கெட்டவரல்ல; ஆபத்தே அதில்தான் இருந்தது. நாற்காலி போட்டு உட்கார்ந்து தேனொழுகப் பேசுவார். அவளோ தன் மதத்துக்கு ஆகாத மடத்து இறைச்சியைத் தொடாமல், அவித்த முட்டையிலும் வெங்காயத்திலும் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை அவர் தம் அங்கியையும் ஊசி நூலையும் அவள் மடியில் வைத்தார். வேலையற்றுக் கிடந்த விரல்கள் துறுதுறுத்தன.

"காஜா பிரிஞ்சு போச்சு மகளே. ஒரு நிமிஷ வேலை. இங்க யாரு பாக்கப் போறா?"

சனிக்கிழமை யூதருக்கு வேலை விலக்கிய ஓய்வுநாள். அதில் ஒரு தையல் விழுந்தாலும், பெண் இளகிவிட்டாள் என்று மேலிடத்துக்குச் சேதி போகும். பெர்னாவுக்கா தெரியாது?

"அதுக்கென்ன சாமி, வச்சிட்டுப் போங்க. நாளைக்கு நீங்க பூசை வைக்கிற நேரத்துல தச்சிடறேன்."

"ஞாயித்துக்கிழமையா? ஐயையோ, பாவம்!"

"உங்க நாளு உசத்தி, எங்க நாளு மட்டும் கிள்ளுக்கீரையா?"

கதவருகே நின்ற கன்னியாஸ்திரி சிரிப்பை இருமலாக்கி விழுங்கினாள். குருவானவரின் முகம் சிவந்தது.

"இந்தத் திமிரு உன்னை நரகத்துக்குத்தான் கொண்டுபோகும்."

"போகட்டும் சாமி. அங்க திராங்குவில்லோ இருக்க மாட்டான்ல? அது போதும்."

அதன்பின் தேன் வற்றியது. ஜன்னலில்லாத அறைக்கு மாற்றினார்கள், மிரட்டினார்கள், உன் தாயே உன்னைக் கைகழுவிவிட்டாள் என்றார்கள். அழுகை வந்தபோது சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். தவணை முடிந்த காலையில் தோன் லெலியோ கடைசியாகக் கேட்டார்.

"என்ன முடிவு பண்ணியிருக்க?"

"கதவைத் தொறங்க."

குடியிருப்புப் பெரியவர்களுக்கு நடுக்கம். அவள் திரும்பியதைக் கொண்டாடுகிறார்கள் என்று எவனாவது அதிகாரிகளிடம் கோள் மூட்டினால் எல்லோர் தலையிலும் விழும். பின்சந்து வழியே அவளைக் கூட்டிவரும்படி தாயிடம் சொல்லியிருந்தார்கள். மடத்து வாசலில் காத்திருந்த ரிக்கா, வெளியே வந்தவளின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாடி, இப்படிச் சத்தமில்லாம வந்துடு."

"நான் என்ன திருடிட்டா வர்றேன்?"

கையை விடுவித்துக்கொண்டு மீன்சந்தை நடுவே நடந்தாள். மீன்காரிகள் கூடைகளை ஒதுக்கி வழிவிட்டார்கள்.