வாட்டர்லூவில் இரண்டு மணி நேரம்

கதிர்வேலு வெளிநாட்டில் ஓடிப்போகப் பார்த்தார் என்று எழுதிக் கொடுத்தவன் நான். அது பொய் என்று தெரிந்த பிறகும் வாயைத் திறக்காமல் இருந்தவனும் நான்தான்.

போன மாதம் வடலூர்ச் சந்தையில் ஈர மண் ஒட்டிய உருளைக்கிழங்கைச் சாக்கிலிருந்து கொட்டினார்கள். அந்த வாசனையில் அப்படியே நின்றுவிட்டேன். "வாங்கப் போறீங்களா, மோந்துகினே இருக்கப் போறீங்களா?" என்றார் கடைக்காரர்.

நாற்பது வருஷத்துக்கு முந்தைய வாசனை. நிலக்கரி வெட்டும் ராட்சத எந்திரத்தை ஓட்டிப் பழக, நெய்வேலியிலிருந்து எங்கள் ஆறு பேரை ஜெர்மனிக்கு அனுப்பியிருந்தார்கள். நான் இன்ஜினியர், குழுவுக்குத் தலைவன். கதிர்வேலு சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்து வேலைக்கு வந்தவர். முன்பு போன யாரோ ஒருவன் அங்கேயே தங்கிவிட்டானாம். 'ஒரு கண் வைத்துக்கொள்' என்றார்கள். நான் இரண்டு கண்ணையும் வைத்தேன். யாராவது தனியாக உலாவப் போனால்கூட எனக்கு உறுத்தும்.

ஒரு சனிக்கிழமை, பக்கத்து நாடான பெல்ஜியத்துக்கு, நெப்போலியன் தோற்ற வாட்டர்லூவைப் பார்க்கப் பஸ்ஸில் போனோம். பள்ளிக்கூடத்தில் படித்ததை வைத்துக் கோட்டையும் பீரங்கியுமாக நினைத்திருந்தேன். இருந்தது வயல். நடுவே செயற்கையாகக் குவித்த மண்மேடு, உச்சியில் சிங்கச் சிலை.

"நம்ம மைன்ஸ்ல தோண்டிக் கொட்டின மேடு மாதிரியே கீது சார். மேல ஒரு சிங்கத்த வெச்சா நாமளும் டிக்கெட் போடலாம்," என்றார் கதிர்வேலு. எல்லோரும் சிரித்தோம்.

இருநூற்றுச் சொச்சம் படி ஏறி இறங்கினால் அவரைக் காணோம். இரண்டு மணி நேரம் கழித்து, பஸ் கிளம்பப்போகையில், முழங்கால்வரை சேறோடு ஓடிவந்தார்.

"எங்கய்யா போன?"

"அந்தாண்ட கெழங்கு தோண்டிக்கினு இருந்தாங்க சார். கை சும்மா இருக்கல, நானும் ரெண்டு சாலு தோண்டினேன். சண்ட நடந்த நெலத்துல மறுபடி வெள்ளாம வெச்சிட்டாங்க பாருங்க."

"பாஷை தெரியாம என்ன பேசின?"

"கெழங்கு தோண்ட என்னா பேச்சு சார்?"

சட்டைப் பையில் ஒரு துண்டுச் சீட்டு எட்டிப் பார்த்தது. அந்த ஊர் விலாசம். போட்டோ எடுத்தார்கள், அனுப்புவதற்காக விலாசம் மாற்றிக்கொண்டோம் என்றார். நான் நம்பவில்லை. நிலம் கொடுத்து வேலைக்கு வந்தவன்தானே என்ற இளப்பமும் எனக்கு இருந்தது. திங்கட்கிழமை எழுதிக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் அவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

பிறகு எங்கள் விடுதிக்கு அவர் பெயரில் ஓர் உறை வந்தது. நான்தான் பிரித்தேன். வயலில் கூடையோடு கதிர்வேலு, இரு பக்கமும் சிரிக்கும் கிழவரும் கிழவியும். எழுதியதைத் திரும்பப் பெற்றால் என் பதவி உயர்வு என்னாகும் என்று பயந்து, போட்டோவைப் பெட்டிக்கு அடியில் போட்டேன்.

அந்த எந்திரம் அவர் கைக்குக் கடைசிவரை வரவில்லை. ரிட்டயர் ஆகும்வரை கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்திய கரியை அள்ளினார். ஷிப்ட் பஸ்ஸில் அவர் பெயரே 'பெல்ஜியம்'.

"என்ன பெல்ஜியம், இன்னிக்காவது வீட்டுக்குப் போவியா, இல்ல ஓட்டமா?"

பஸ்ஸே குலுங்கும். ஜீப் வராத நாட்களில் நானும் அதில் இருந்திருக்கிறேன்.

சந்தையிலிருந்து வந்ததும் பெட்டியைக் குடைந்தேன். மறுநாள் அவர் வீட்டுக்குப் போய், போட்டோவை நீட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் போட்டோவைக் கையில் வாங்கிப் பார்த்தார். அவர் மனைவிதான் கேட்டார்: "இது இருந்துமா சார், எங்க பையனுக்குப் பொண்ணு கேட்டுப் போன எடத்துல ஓடுகாலி வூடுன்னு சொல்ல வுட்டீங்க?"

"நான் என்ன செய்யணும், சொல்லுங்க கதிர்வேலு," என்றேன். அவரை நான் 'நீங்கள்' என்றது அன்றுதான்.

"எங்கிட்ட எதுக்கு சார்? நான் ஓடலன்னு எனக்குத் தெரியாதா? ஷிப்ட் பஸ்ஸுல இருந்தவங்ககிட்ட சொல்லுங்க."

ஒரு மாதமாக அலைகிறேன். ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும்; திருநெல்வேலி, கோயம்புத்தூர் என்று அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். மகனுக்கு இங்கேயே வேலை என்பதால் நான் தங்கிவிட்டேன். பாதிப் பேர் உயிரோடில்லை. ஒருவருடைய பிள்ளை மட்டும் போனில் கிடைத்தான். "அப்பாவுக்கு இப்ப யாரையும் அடையாளம் தெரியல அங்கிள்," என்றான். ஷிப்ட் பஸ் நின்ற குவார்ட்டர்ஸ் பிளாக்கில் வீடுகளை இடித்துவிட்டார்கள்.

நேற்று கதிர்வேலு போனில் கேட்டார்: "எத்தினி பேருகிட்ட சார் சொன்னீங்க?"

அந்தப் பஸ்ஸில் அவரைப் பார்த்துச் சிரித்தவர்களில் இந்த ஊரில் மிஞ்சியிருப்பது நான் ஒருவன்தான்.