பரப்பில் வைத்த ரயில்

சித்தப்பாவின் கட்டுரையை அந்தப் பத்திரிகை திருப்பி அனுப்பியபோது எனக்கு ஒன்பது வயது. பொம்மை ரயில் என்று சொன்னால் சித்தப்பாவுக்குக் கோபம் வரும். மாதிரி ரயில் என்று சொல்ல வேண்டும். காரைக்குடியில் எங்கள் வீட்டுப் பெரிய கூடத்தின் ஓரத்தில், கட்டில் அளவு பலகை ஒன்றின் மேல், ஸ்டேஷனும் சுரங்கமும் ரயில்வே கேட்டுமாக அவர் வருடக்கணக்கில் குனிந்து குனிந்து செய்தது. இப்படிப்பட்ட ரயில்களுக்கென்றே வெளிநாட்டில் ஒரு பத்திரிகை வருகிறது. அதில் ஒரு முறை தன் ரயில் வந்துவிட்டால் போதும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை.

கட்டுரையைக் கல்யாணப் பத்திரிகை மாதிரி எழுதியிருந்தார். எந்த ஊர், எந்தக் கோயில், யார் பேரன், யார் மகன் என்று முதல் பக்கம் முழுக்க வம்சம்தான். ரயில் இரண்டாம் பக்கத்தில்தான் புறப்பட்டது. புறப்பட்ட பிறகும் எல்லாம் சிறப்பு, எல்லாம் அருமை. ஆசிரியர் மரியாதையாகவே பதில் போட்டிருந்தார்: எங்கள் வாசகர்கள் அழகான ரயில்களை நிறையப் பார்த்துவிட்டார்கள், எப்படிச் செய்தீர்கள், எங்கே சொதப்பினீர்கள், எப்படிச் சரிசெய்தீர்கள், பலகைக்கு அடியில் என்ன இருக்கிறது, இதைத்தான் அவர்கள் கேட்கிறார்கள்.

சித்தப்பா கொதித்துப்போனார். "நம்ம வீட்டுக் குறைய நாமளே அச்சுல போடுறதா? படிக்கிறவுக என்ன நினைப்பாக?" என்று என் அப்பச்சியிடம் பொருமினார். அப்பாவை நாங்கள் அப்பச்சி என்போம். அப்பச்சியும் அதுதானே என்று தலையாட்டினார். இத்தனைக்கும் வளைவுக்கு வந்தால் அந்த ரயில் நின்றுவிடும். யாரும் பார்க்காதபோது சித்தப்பா சுண்டுவிரலால் தள்ளிவிடுவார். பார்த்துவிட்டால், சிக்னல் விழவில்லை என்பார்.

அந்தத் தையில் அத்தைக்கு, அதாவது சித்தப்பாவின் தங்கைக்கு, கல்யாணம். பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களையெல்லாம் கூடத்தில் பரப்பி வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்ப்பார்கள். பலகையை நகர்த்தினால் தண்டவாளம் பிசகும் என்று சித்தப்பா அதன் மேல் ஒரு வேட்டியைப் போட்டு மூடியிருந்தார். சாமான் பரப்ப வந்த உறவுக்காரப் பெண்கள் அதுவும் சீர்தான் என்று நினைத்து வேட்டியை உருவிவிட்டு, தண்டவாளத்தைச் சுற்றி வெள்ளிக் கிண்ணங்களை அடுக்கி, ஸ்டேஷன் கூரைமேல் ஒரு குங்குமச் சிமிழையும் வைத்துவிட்டார்கள். பார்க்க என்னவோ நன்றாகத்தான் இருந்தது.

கீழச்சிவல்பட்டியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். "அடேயப்பா, ரயிலுமா குடுக்குறீக!" என்று மாப்பிள்ளையின் அம்மா மலைத்து நின்றார். அப்பச்சி சித்தப்பாவைப் பார்த்தார், பிறகு மேல்கூரையைப் பார்த்தார். பரப்பில் வைத்ததை இல்லை என்று சொன்னால் ஊர் காலத்துக்கும் பேசும். "ஆமா, நம்ம தம்பி கைப்பட செஞ்சது" என்றார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சித்தப்பாவின் முகம் பேயறைந்தது போலாகிவிட்டது. ஆனால் சட்டென்று அவருக்கு ஒரு யோசனை தோன்றியிருக்க வேண்டும். குறையைச் சொன்னால் வேண்டாம் என்றுவிடுவார்கள் இல்லையா? ஓட்டிக் காட்டுகிறேன் என்று உட்கார்ந்து, "இதுல ஆயிரம் கோளாறு இருக்கு" என்று ஆரம்பித்தார். வளைவில் நிற்கும். புல்வெளிக்கு ரவையில் பச்சைச் சாயம் கலந்து தூவினேன், எறும்பு மொத்தப் புல்வெளியையும் தூக்கிக்கொண்டு போய்விட்டது. சுரங்கத்தைக் கட்டி முடித்த பிறகுதான் எஞ்சின் அதைவிட உயரம் என்று தெரிந்தது. ஒயர் புகைந்து திரைச்சீலை பொசுங்கியது.

கூட்டம் கலையவில்லை. பந்திக்கு எழுந்து போனவர்கள்கூடத் திரும்பி வந்தார்கள். மாப்பிள்ளையின் தங்கை பட்டுச்சேலையோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எறும்பு தூக்குனதுக்கப்புறம் என்ன செஞ்சீக?"

"மரத்தூளுக்கு மாறிட்டேன்."

"வளைவுல ஏன் நிக்குது?"

"தெரியலை."

சித்தப்பா வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டதே இல்லை. "அடியில பாக்கலாமா?" என்று கேட்டுக்கொண்டே மாப்பிள்ளையின் தங்கை பலகைக்கு அடியில் நுழைந்துவிட்டார். சித்தப்பாவும் டார்ச்சோடு பின்னாலேயே போனார். சாப்பிடக் கூப்பிட்டும் இரண்டு பேரும் வெளியே வரவில்லை.

ரயில் வேனில் ஏறிக் கீழச்சிவல்பட்டிக்குப் போய்விட்டது. நான் அழுத அழுகையில் எனக்குக் காய்ச்சலே வந்தது. சித்தப்பாவோ அன்று கூடத்தில் சொன்னதையெல்லாம் சொன்னபடியே எழுதி அனுப்பினார். எறும்பு உட்பட எல்லாவற்றையும் பத்திரிகை அப்படியே போட்டது.

அங்கே போன ரயில் அடிக்கடி படுத்துக்கொண்டது. போன் வரும். சித்தப்பா தலையைப் படிய வாரி, இஸ்திரிச் சட்டை மாட்டி, ஸ்க்ரூடிரைவரோடு பைக்கில் கிளம்புவார். ஒரு தடவை என்னையும் கூட்டிப்போனார். ஒரு ஒயர் கழன்றிருந்தது, அவ்வளவுதான். மாட்டியதும் வளைவிலெல்லாம் அழகாக ஓடியது. கிளம்பும்போது தண்ணீர் குடிக்கத் திரும்பி உள்ளே போனேன். மாப்பிள்ளையின் தங்கை பலகைக்கு அடியில் கையை விட்டு அதே ஒயரைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

வண்டியில் ஏறியதும் சொல்லிவிட்டேன். "சித்தப்பா, அவுகதான் கழட்டி விடுறாக! நான் கண்ணால பாத்தேன்!"

சித்தப்பா வண்டியை ஓரங்கட்டினார். திரும்பிப் போய்ச் சண்டை போடப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ ஒரு கடையில் எனக்குப் பெரிய ரோஸ்மில்க்காக வாங்கிக் கொடுத்து, இதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். தன் ரயிலைக் கெடுப்பவரிடம் கோபப்படக்கூடத் தெரியாத மனிதராக இருக்கிறாரே என்று, ரோஸ்மில்க்கைக் குடித்துக்கொண்டே அவருக்காக மிகவும் வருத்தப்பட்டேன்.