பேசுவதற்கு இருபது மார்க்

பதினாறு வயதில் என்னை அட்வான்ஸ்டு அமெரிக்க வரலாற்று வகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் அது பெரிய செய்தியாக இல்லை. கணக்கு வகுப்பாக இருந்திருந்தால் அப்பா நாலு பேருக்குப் போன் செய்திருப்பார். வரலாறு என்றதும், "அதுல என்ன அட்வான்ஸ்டு?" என்று கேட்டுவிட்டுக் குழம்பை ஊற்றிக்கொண்டார்.

எனக்கு அது பெரிய விஷயம். எண்பதுகளில், ரிச்சர்ட்சன் என்ற அமெரிக்க ஊரில், அந்த வகுப்பில் இருந்த ஒரே இந்தியப் பெண் நான்தான். அந்த இடம் போனால் செத்துப்போவேன் என்று நினைத்தேன். அந்த வயதில் பாதி விஷயங்களுக்கு அப்படித்தான் நினைத்தேன்.

முதல் நாள் டீச்சர் இரண்டு தாள்கள் கொடுத்தார். எங்களிடம் என்ன எதிர்பார்க்கிறார், மார்க் எப்படிப் போடுவார் என்று அதில் இருந்தது. வாரத்துக்கு ஓர் அத்தியாயம் படித்துவிட்டு வர வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் வகுப்பிலேயே உட்கார்ந்து கட்டுரை எழுத வேண்டும். வீட்டுப்பாடம் ஒரு நாள் தாமதமானாலும் பூஜ்யம். நூறு மார்க்கில் இருபது, வகுப்பில் பேசுவதற்கு. கேட்டதற்குப் பதில் சொன்னால் மட்டும் போதாது. அடுத்தவர் சொல்வதை, டீச்சர் சொல்வதைக்கூட, மறுத்துப் பேச வேண்டும். கடைசியில் பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வராவிட்டால் சாதாரண வகுப்புக்கு மாற்றிவிடுவார். அந்த இடத்துக்கு வெளியே ஆறு பேர் காத்திருந்தார்கள்.

மற்ற அப்பாக்கள் காரில் இருந்தபடியே ஸ்டியரிங்கில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்கள். என் அப்பா அப்படிப்பட்டவர் இல்லை. டெலிபோன் கருவிகள் செய்கிற ஒரு கம்பெனியில் மற்றவர்கள் வரைந்த படங்களைச் சரிபார்ப்பது அவர் வேலை. தப்பு இருக்கிறதா என்று தேடாமல் எந்தத் தாளிலும் அவர் கை வைத்ததில்லை. ஸ்கூல் பிக்னிக் அனுமதிச் சீட்டில்கூட எழுத்துப் பிழையைத் திருத்தி அனுப்பியவர். டின்னர் முடிந்ததும் மேஜையைத் துடைத்துவிட்டுப் பென்சிலோடு உட்கார்ந்தார். ஐந்து இடத்தில் வட்டம் போட்டு, பக்கத்தில் ஐந்து கேள்வி எழுதினார். "இதுக்குப் பதில் வாங்கிட்டு வா. அப்புறம் சைன் பண்றேன்" என்றார்.

மறுநாள் அதை நீட்டியபோது என் காது எரிந்தது. டீச்சர் நின்றபடியே படித்தார். கடைசிவரை படித்த முதல் பெற்றோர் இவர்தான் என்றார். நாலு கேள்விக்கு ஒழுங்காகப் பதில் எழுதினார். ஐந்தாவது, பேசுவதற்கு எதற்கு இருபது மார்க் என்பது. அதன் பக்கத்தில், இது மாறாது என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் சண்டை.

"தெரிஞ்சவனுக்கு மார்க்கா, வாய் இருக்கறவனுக்கு மார்க்கா?" என்றார் அப்பா. "பரீட்சைல நீ நூத்துக்கு நூறு எழுதுவே. பக்கத்துல ஒருத்தன் படிக்காம வந்து கத்துவான். அவன் உன்னைத் தாண்டிப் போவான். நீ சாதாரண கிளாஸ்லயே படிம்மா. அங்க எழுதினதுக்கு மார்க் வரும்."

"ப்ளீஸ்ப்பா, ஜஸ்ட் சைன் இட். எல்லா அப்பாவும் படிக்காமதான் சைன் பண்றாங்க."

"அப்போ எல்லா அப்பாவும் முட்டாள்."

அரை மணி நேரம் மூச்சு விடாமல் பேசினார். பேச்சுக்கு மார்க் போடக் கூடாது என்று அத்தனை நன்றாக அவரால் பேச முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நாலு தமிழ்க் குடும்பம் எங்கள் அபார்ட்மென்டில் கூடினால் அவர்தான் நடுவில். அம்மா காபி டம்ளரோடு நின்று, "போதும், அங்கிளுங்க வீட்டுக்குப் போகணும்" என்று சொல்ல வேண்டியிருக்கும். ஆனால் அது தமிழில். அந்தக் கோடையில் அவருடைய ஆபீஸ் பிக்னிக்குக்குப் போயிருந்தோம். மூன்று மணி நேரம் ஒரு பேப்பர் பிளேட்டைப் பிடித்துக்கொண்டு, யார் என்ன சொன்னாலும் சிரித்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. அதை நான் பார்த்திருந்தேன். பார்த்ததைச் சொன்னேன்.

"உங்களுக்குப் பேச வராது. அதனால நானும் பேசக் கூடாதா?"

அம்மா அடுப்படியிலிருந்து, "ஏய்" என்றாள். அவ்வளவுதான். அப்பா பென்சிலை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

காலையில் தாள் மேஜையில் இருந்தது. கோட்டின் மேல் கையெழுத்து, நேராக, முழுப் பெயரோடு. ஜெயித்துவிட்டேன் என்று பஸ்ஸுக்கு ஓடினேன். வருத்தம் ஒரு துளிகூட இல்லை. இப்போது நினைத்தால் என்னையே அறையலாம் போல இருக்கிறது.

அதற்குப் பிறகு அந்த வருஷம் முழுக்க அப்பா என்னை விடவில்லை. சனிக்கிழமை காரில் இந்தியக் கடைக்குப் போகும்போது ஆரம்பிப்பார். "இந்த வாரம் பேசினியா?" பேசினேன் என்பேன். "என்ன பேசினே?" ஏதோ வரி, ஏதோ போர் என்பேன். "அது இல்ல. எப்படி ஆரம்பிச்சே? முதல்ல என்ன சொன்னே?" இருபது மார்க்குக்குக் கணக்குக் கேட்கிறார் என்று எனக்கு எரிச்சலாக வரும். ஆடியோ கேசட் சத்தத்தைக் கூட்டிவிடுவேன். அடுத்த சனிக்கிழமை மறுபடி கேட்பார்.

அப்பா போய் இரண்டு வருஷம் கழித்து, கீரை ஆய்ந்துகொண்டே அம்மா சொன்னாள். நான் அந்த வகுப்பில் சேர்ந்த வாரம்தான் ஆபீஸில் அவருக்குக் கிடைக்க வேண்டிய இடத்தை, அவரிடம் வேலை கற்றுக்கொண்ட ஒரு பையனுக்குக் கொடுத்தார்களாம். வேலையில் குறை இல்லை, மீட்டிங்கில் வாயே திறப்பதில்லை என்று எழுதிக் கொடுத்தார்களாம். "உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டார்" என்றாள். நான் எழுந்து பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இப்போது எனக்கு மீட்டிங்குகளில் நன்றாகப் பேச வரும். சிலருக்கு நான் பேசுவது பிடிக்காது. அது அவர்கள் பாடு. எப்படி என்று இன்று அவர் கேட்டால் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து சொல்வேன். கேட்க அவர் இல்லை.

ஒரு சனிக்கிழமை மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. சிவப்பு விளக்கில் நின்றிருந்தோம். அப்பா ரோட்டைப் பார்த்தபடி கேட்டார். "ஒருத்தன் நிறுத்தாம பேசிட்டே இருக்கான்னு வெச்சுக்கோ. நடுவுல நீ எப்படி உள்ள போவே?"

"யூ ஜஸ்ட் டாக், அப்பா" என்றேன். அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"ஓ" என்றார். பச்சை விழுந்தது. பின்னால் ஒருவன் ஹாரன் அடிக்கிறவரை அவர் காரை எடுக்கவில்லை.