பத்துப் பேரில் ஒருத்தி

அன்றைக்குத் திருப்பதியில் அந்த வங்கியின் கடன் மேஜைக்கு முன்னால் இருந்தவர்கள் இவர்கள்தான்: நான், என் வீட்டுக்காரர் தேவராஜ், எங்களுக்கு வீடு விற்கப்போகிற சுப்பா ரெட்டி, சாட்சிக்கென்று அவர் கூட்டிவந்த அவர் மச்சான், மேஜைக்கு அந்தப் பக்கம் தெலுங்கு மட்டும் பேசுகிற சின்ன வயசு மேடம். யார் யார் இருந்தார்கள் என்று ஏன் சொல்கிறேன் என்றால், என் மானம் போனதைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று குவைத்தில் வெங்காயம் அரிகிறபோது இன்றைக்கும் எண்ணிப் பார்க்கிறேன். மேடம் கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பி, "மீ பேரு மீத லோன் உந்தி கதம்மா, கட்டலேது" என்றாள். என் பேரில் கடன் இருக்கிறது, கட்டவில்லை என்கிறாள். பதறினால் எனக்கு எந்த மொழி வாயில் வரும் என்றே தெரியாது. "மாஃபி, மாஃபி" என்று கையை ஆட்டினேன். குவைத்தில் ஆறு வருஷமாக 'இல்லை' என்பதற்கு இதைத்தான் சொல்கிறேன். தெலுங்கில் மாஃபி என்றால் கடன் தள்ளுபடி. மேடம் பாவமாகப் பார்த்து, "மாஃபி காலேதம்மா" என்றாள். தள்ளுபடி ஆகவில்லையாம். ரெட்டியின் மச்சான் சிரித்துவிட்டார்.

நான் ஏழாவதோடு பள்ளிக்கூடம் நின்றவள். நைனா படுத்த படுக்கையானதும் தீப்பெட்டி ஒட்டப் போனேன். அச்சடித்த காகிதம் எது வந்தாலும் படிக்காமல் வீட்டுக்காரரிடம் நீட்டிவிடுவேன். சித்தூரில் சர்ச்சுக்குப் பின்தெருவில் பிறந்து, அங்கேயே கல்யாணமாகி, ஒரு பெண் பிறந்த பிறகு குவைத்துக்குச் சமையலுக்குப் போனேன். வீட்டுக்காரர் மகளோடு திருப்பதிக்கு வந்து ஆட்டோ ஓட்டுகிறார். ஸ்டேஷனிலிருந்து பக்தர்களை மலையடிவாரம் அலிபிரிக்கு முடியோடு ஏற்றிப்போய், திரும்பும்போது மொட்டையாக இறக்கிவிடுவதுதான் தன் வேலை என்பார். வாடகை வீட்டிலேயே மகள் வளர்ந்துவிட்டாள். இரண்டு மாத லீவில் நான் வருகிற நேரம் பார்த்து, சொந்த வீடு ஒன்றுக்கு ஒரு லட்சம் அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமெண்ட் போட்டிருந்தார். மூன்று மாதத்தில் பதிவு நடக்காவிட்டால் அட்வான்ஸ் திரும்பாது என்று அதில் எழுதியிருந்தது. மீதிக்கு வங்கிக் கடனைத்தான் நம்பியிருந்தோம். வங்கியோ, இந்தப் பழைய கடன் சரியாகாமல் ஃபைலைத் தொடமாட்டேன் என்றது.

குவைத்தில் கடன் இருந்தால் கண்ணுக்குத் தெரியும். என்னோடு வேலை செய்த பிலிப்பைன்ஸ்காரி ஊருக்குக் கிளம்பியபோது, போன் பில் பாக்கி என்று விமான நிலையத்திலேயே நிறுத்திவிட்டார்கள். அழுதாள். அங்கேயே பணம் கட்டினாள். விட்டுவிட்டார்கள். அதைப் பார்த்த நாளிலிருந்து நான் ஒரு தினார்கூடக் கடன் வைத்ததில்லை. லீவுக்கு வருகிறபோதெல்லாம் பாஸ்போர்ட் பார்க்கிற அந்தக் கண்ணாடிக் கூண்டுக்கு முன்னால் பயம்தான், ஏதாவது பாக்கி இருக்குமோ என்று. இங்கே என்னை யாரும் நிறுத்தவில்லை. சென்னையில் இறங்கி, நகரி வழியாக வீட்டுக்கு வந்து, பிரியாணி செய்து சாப்பிட்டேன். கடன் என் கூடவே வந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

ஸ்டேஷன் ரோட்டில் நெட் சென்டர் வைத்திருக்கிற தமிழ்ப் பையன் என் கடன் அறிக்கையை எடுத்துக் கொடுத்தான். என் பேர், ஆதார், பழைய சித்தூர் விலாசம் எல்லாம் சரி. கடைசிப் பக்கத்தில் ஒரு கடன்: சித்தூரில் நான் இருந்த மகளிர் குழுவின் கடனில் என் பங்கு, வட்டியோடு எண்பத்தாறாயிரம் பாக்கி. கொடுத்த தேதி, நான் குவைத்துக்குப் போய் மூன்று வருஷம் கழித்து. குழுவில் நான் வாங்கியிருந்த கடனையெல்லாம் விமானம் ஏறுவதற்கு முன்பே கட்டி முடித்தவள் நான். பையன் கம்ப்யூட்டரில் 'இந்தக் கணக்கு என்னுடையதல்ல' என்ற இடத்தைத் தொட்டு, "தப்புன்னு போட்டுட்டேன்கா, ரிப்போர்ட் போடறவங்க பேங்க்க கேட்டு சரி பண்ணிடுவாங்க, பயப்படாதீங்க" என்றான். பயப்படாதே என்று யாராவது சொன்னால்தான் எனக்கு அதிகம் பயம். மூன்று வாரம் தூங்கவில்லை. போன் அதிர்ந்தால் எழுந்து உட்கார்ந்துகொள்வேன். "மணி என்னா ஆவுது தெரியுமா? பேங்க்காரன்கூட தூங்கிக்கினு இருப்பான், நீயும் தூங்கு" என்பார் வீட்டுக்காரர். பதில் வந்தது. வங்கி தன் பதிவைப் பார்த்ததாம், கடன் சரியாம், அறிக்கையில் மாற்றம் இல்லையாம். தப்பாக எழுதினவர்களிடமே தப்பா என்று கேட்டால் வேறு என்ன சொல்வார்கள்?

சித்தூருக்கு பஸ் ஏறினேன். குழுவின் லீடர் கிருபா அக்கா, என் கல்யாணத்தில் எனக்குப் பக்கத்தில் நின்றவள். கதவைத் திறந்ததும், "வாடி சீலி, துன்னியா?" என்றாள்.

"அக்கா, குழுவுல என் பேர்ல லோன் இருக்குதா?"

பொய் சொல்வாள் என்று வழியெல்லாம் பயந்துகொண்டு வந்தேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். "இருக்குது. நீ போனதும் ஒம்போது பேராயிட்டோம். பத்துப் பேரு இல்லன்னா குழுவே இல்லன்றாங்க பேங்க்ல. புச்சா ஒருத்தியும் வர்ல. உன் பேரு இருந்துட்டுப் போவட்டும்னு வுட்டுட்டோம்."

"பேரு இருக்கட்டும். கையெழுத்து?"

"நான்தான் போட்டேன்."

"ஒரு போன் பண்ணி கேக்கக்கூடாதா?"

"அப்பல்லாம் நீ போன் எடுத்தாவே அழுதுகினு இருப்ப. அதுக்கு நடுவுல இத்த எங்க சொல்றது?" என்றாள். பிறகு மெதுவாக, "நம்ம குழு மார்த்தா புருசனுக்கு கிட்னி போய்டுச்சி. வாரத்துக்கு ரெண்டு வாட்டி திருப்பதிக்கு இட்டுக்கினு போனா. உன் பங்க அவளுக்குக் குடுத்தோம். கட்டிக்கினுதான் இருந்தா. அவன் செத்தப்புறம் முடியல."

எனக்குக் கோபம் வர வேண்டிய நேரத்தில் ஒரு புடவை ஞாபகம் வந்தது. குழுச் சேமிப்பின் வட்டியில் கிறிஸ்துமஸுக்கு எல்லோருக்கும் ஒரே நிறத்தில் புடவை எடுப்போம். குவைத்துக்குப் போன முதல் டிசம்பரில் யாரோ ஊர்க்காரி மூலம் எனக்கும் ஒன்று வந்து சேர்ந்தது. மாமா, அதாவது எங்கள் வீட்டு எஜமானி, என்ன இது என்று கேட்டாள். சிஸ்டர்ஸ் அனுப்பினார்கள் என்றேன். எத்தனை சிஸ்டர் என்றாள். ஒன்பது என்றேன். உன் அம்மா பாவம் என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்புறம் வருஷம் தவறாமல் புடவை வந்தது. ஊரில் என்னை மறக்கவில்லை என்பதற்கு என்னிடம் இருந்த சாட்சி அந்தப் புடவைகள்தான். குழுவில் பேர் இருக்கிறவர்களுக்குத்தான் புடவை என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அதை ஒருநாளும் யோசித்துப் பார்க்கவில்லை.

குழுவுக்குக் கடன் கொடுத்த சித்தூர்க் கிளையின் மேனேஜர் தமிழ் தெரிந்தவர், பொறுமையாகவே பேசினார். பாஸ்போர்ட்டில் இருந்த முத்திரைகளைப் புரட்டிப் பார்த்தார். "அம்மா, நீங்க அப்ப இங்க இல்லன்றது கரெக்ட். லோன் உங்களுது இல்லன்னு நான் எழுதலாம். ஆனா சைன் போட்டது யாருன்னு மேலே கேப்பாங்க. போலீஸ் கம்ப்ளைண்ட் காப்பி இல்லாம நான் எதுவும் எழுத முடியாது."

"கம்ப்ளைண்ட் குடுக்காம?"

"முழுசா கட்டிடுங்க. கட்டினா குளோஸ் ஆயிடும், கொஞ்ச நாள்ல ரிப்போர்ட்டும் மாறிடும்."

அன்றைக்குப் போலீஸ் ஸ்டேஷன் வாசல் வரைக்கும் போனேன். கிருபா அக்காவைக் காப்பாற்ற நான் திரும்பினேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். பாதி பயம்தான். கேஸ் என்றால் கூப்பிடுவார்கள், நான் குவைத்தில் இருப்பேன், வரவில்லை என்றால் பாஸ்போர்ட்டைப் பிடிப்பார்களோ, அடுத்த முறை அந்தக் கண்ணாடிக் கூண்டில் நிறுத்துவார்களோ என்று ஒவ்வொன்றாக மனசில் ஓடியது. மீதிப் பாதி, அக்காவின் அந்தக் கேள்வி. துன்னியா என்று கேட்டாளே. எதிரில் இருந்த ஜூஸ் கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஜூஸ் வாங்காமலே எழுந்து வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சர்ச் மதில் ஓரம் ஒன்பது பேரும் வந்தார்கள். மார்த்தா தன் தையல் மிஷினை விற்றுவிடுகிறேன் என்றாள். "அத்த வித்தா மீதிய எத்த வச்சி கட்டுவ? மூடிக்கினு இரு" என்று கிருபா அக்கா அதட்டினாள். அக்கா தன் கம்மலைக் கழற்றி வைத்தாள். மற்றவர்கள் முடிந்ததை வைத்தார்கள். நான் திரும்பிப் போகிற செலவுக்கு வைத்திருந்ததில் கொஞ்சம் வைத்தேன். எல்லாம் சேர்த்தும் பாதிக்கு வரவில்லை; வந்ததைத் திங்கட்கிழமை வங்கியில் கட்டினேன். நான் வாங்காத கடனுக்கு நான் கட்டிய முதல் பணம் அது. ரசீதில் என் பேர்தான் இருந்தது. தப்பென்று எழுதிக் கொடுத்தவளே கட்டிவிட்டேன். இனி அது தப்பென்று யாரிடமும் சொல்ல முடியாது.

பதிவுக்கு இன்னும் கொஞ்ச நாள் கேட்டு ரெட்டி காலில் விழாத குறையாகக் கெஞ்சினோம். "உகாதி தாக்கா சூஸ்தானம்மா, தர்வாத்த நன்னு அடகொத்து" என்றார். உகாதி வரைக்கும் பார்ப்பார், அதற்கப்புறம் அவரைக் கேட்கக் கூடாது. வீட்டுக்காரர் இரவிலும் ஆட்டோ ஓட்டத் தொடங்கினார். நான் விமானம் ஏறினேன். கண்ணாடிக் கூண்டில் என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஏறுவதற்கு முன்னால் மேனேஜருக்குப் போன் செய்து, கட்டுகிறவரைக்கும் கட்டுகிறேன், என் பேரை மட்டும் குழுவிலிருந்து இப்போதே எடுத்துவிடுங்கள் என்று கேட்டிருந்தேன். பாக்கி தீராமல் பேரை எடுக்க வழியில்லை என்றார். டிசம்பரில் ஊர்க்காரி ஒருத்தி பொட்டலம் கொண்டுவந்தாள். இந்த வருஷம் பச்சை. அவ்வளவு கஷ்டத்திலும் எடுத்திருக்கிறார்கள், விலை குறைந்த துணி, கையில் பட்டாலே தெரிகிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி, எஜமானி தூங்கியதும் அதைக் கட்டிக்கொண்டு குளிர்சாதனப் பெட்டியின் கதவில் என்னைப் பார்த்தேன். சித்தூரில் அதே நேரம் ஒன்பது பேர் இதே பச்சையில் சர்ச்சில் நடுராத்திரி ஆராதனையில் இருப்பார்கள். பாக்கி தீர்ந்தால் வீடு கிடைக்கும், என் பேர் குழுவிலிருந்து போகும், அடுத்த டிசம்பரில் பொட்டலம் வராது. தீரவேண்டும் என்றுதான் தினமும் ஜெபிக்கிறேன். சம்பளம் வந்ததும் அனுப்பிவிட்டு, ரசீதை போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். இன்னும் நாற்பத்தோராயிரத்து முந்நூறு ரூபாய் இருக்கிறது.