தங்கராசு அண்ணனின் சட்டைப் பை

புதன்கிழமை காலை. ஆய்வகத்தில் மாணவர்களுக்குச் செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருந்தபோது தங்கராசு அண்ணனின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. நாங்கள் கட்டிய மாதிரி ஹெலிகாப்டரை ஞாயிற்றுக்கிழமை பறக்கவிடுவது பற்றித்தான் இருக்கும், இந்த மனிதருக்குப் பொறுமையே கிடையாது என்று நினைத்துக்கொண்டு, "பரீட்சை முடியட்டும்ணா, கூப்பிடறேன்" என்று பேசவிடாமல் வைத்துவிட்டேன். மறுபடியும் அடித்தது. பேசியது அவர் மனைவி சரோஜா அக்கா. "சார், அவரு போயிட்டாருங்க" என்றார். "எங்கக்கா?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

திருச்செங்கோடு பேருந்து நிலையத்தில் சேலம் பேருந்துக்காகக் காத்திருந்தவர், பெஞ்சில் அப்படியே சாய்ந்திருக்கிறார். தூங்குகிறார் என்று பக்கத்தில் இருந்தவர்கள் விட்டுவிட்டார்கள். ஐம்பத்து மூன்று வயது. ஒரு மாத்திரை சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருந்து நான் வரும் கல்லூரிப் பேருந்து அந்த நேரத்தில்தான் நிலையத்தைத் தாண்டிப் போகும். நான் தலையைக் குனிந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். வேலை நாளில் பட்டறையை விட்டு நகராத மனிதர் எதற்காகச் சேலத்துக்குப் புறப்பட்டார் என்று அன்று யாருக்கும் தெரியவில்லை. அக்காவிடமும் "ஒரு வேலை இருக்குது, போயிட்டு வாரேன்" என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்.

மல்லசமுத்திரத்தில் அவருடைய காட்டில், கடலைக்காய் பிடுங்கிய வெறும் நிலத்தில், ஞாயிறுதோறும் மாதிரி விமானம் விடக் கூடும் நம் நண்பர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். சங்ககிரி சாலையில், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரிகளைப் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்தார். முப்பது வருடம் கம்ப்ரசர் சத்தத்தில் இருந்ததால் இடது காது கேட்காது. அவரோடு பேசுகிறவர்கள் எல்லோரும் வலது பக்கமாகப் போய் நின்றுகொள்வோம்.

எங்கள் பழக்கம் ஒரு வேலி ஓரத்தில் தொடங்கியது. தேர்தல் சமயத்தில் எங்கள் கல்லூரி மைதானத்தில் ஒரு ஹெலிகாப்டர் இறங்கியது. கூட்டம் இறங்கி வந்தவரைப் பார்க்க ஓடியது. ஒருவர் மட்டும் கம்பி வேலியைப் பிடித்தபடி துண்டுச் சீட்டில் எதையோ குறித்துக்கொண்டிருந்தார். போய்ப் பார்த்தால், கதவோரத்து ரிவெட்டுகளை எண்ணிக்கொண்டிருக்கிறார். "வந்தது யாருன்னு கவனிக்கலீங்க சார். வால்கிட்ட சின்னதா ஒரு மூடி இருக்குது பாருங்க, அது எதுக்குங்க?" என்று கேட்டார். எலக்ட்ரானிக்ஸ் பேராசிரியரான எனக்கும் தெரியவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டுதான் முதன்முதலாக அவர் பட்டறைக்குப் போனேன்.

அந்த ஹெலிகாப்டரை நாலரை அடி நீளத்தில், ரேடியோவில் பறக்கும்படி, மூன்று வருடம் கட்டினோம். மோட்டாரும் மின்சுற்றும் என் பாடு. உடம்பு முழுக்க அவர் பாடு. மருந்துக்கடை ஊசியில் பசையை நிரப்பி, புள்ளி புள்ளியாக வைத்து ரிவெட்டுகள் செய்தார். கதவு நகரும், கண்ணாடி துடைக்கும் குச்சிகூட அசையும். இருக்கைப் பட்டைகள் அக்காவின் பழைய புடவைக் கரையில் வெட்டியவை. கை வேலையாக இருக்கும்போது "இரு சாமி, இரு, ஆடாத" என்று ஹெலிகாப்டரிடம் பேசிக்கொண்டே இருப்பார். என்னிடம் பேசியதைவிட அதனிடம் பேசியது அதிகம்.

வண்ணம் அடித்ததில் அவர் செய்த கூத்தை மறக்க முடியாது. ரிக் லாரிக்கு அடிக்கிற அதே முறையில் பட்டி பார்த்து, பிரைமர் கொடுத்து, மேலே மூன்று பூச்சு சிவப்பும் மஞ்சளும் அடித்துப் பளபளவென்று கொண்டுவந்து நிறுத்திவிட்டார். தராசில் வைத்தால் ஒரு கிலோ கூடியிருக்கிறது. அதிலும் வால் பக்கம் கனத்து, மூக்கு வானத்தைப் பார்த்தது. மூன்று மாதம் வைத்த ரிவெட்டுகளோடு சேர்த்து எல்லாவற்றையும் உப்புத்தாளால் தேய்த்து எடுக்க வேண்டியதாயிற்று. எனக்குத்தான் அழுகை வந்தது. அவர் சிரித்தார். "ரிக்குன்னா கனம் வேணுமுங்க. இது கனமே ஆகாத சாதி. கைப்பழக்கம் உடமாட்டேங்குது சார்" என்று சொல்லி, மறுநாளே ஊசியைக் கையில் எடுத்துவிட்டார்.

ஒரே ஒரு முறைதான் அவரோடு சண்டை போட்டிருக்கிறேன். ஒரு ஞாயிறு நான் பட்டறைக்குப் போனபோது அவர் இல்லை. மோட்டாரைப் பிடிக்கும் ஒரு ஸ்க்ரூவைக் காணோம். மேசைக்கடியில் படுத்து, தரையைக் கூட்டி, காந்தத்தைக் கட்டி இழுத்து, இரண்டு மணி நேரம் தேடினேன். சாவகாசமாக வந்தவர் சட்டைப் பையிலிருந்து, காகிதத்தில் மடித்த ஸ்க்ரூவை எடுத்து நீட்டினார். எனக்கு வந்த கோபத்தில் வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்: "எங்க பட்டறைல அப்படித்தானுங்க சார். வண்டில ஒரு போல்ட்டக் கழட்டுனா, கழட்டுனவன் ஜோப்புலதான் அது இருக்கோணும். அவன் வராம யாரும் வண்டிய எடுக்க முடியாது பாருங்க. அதுக்குத்தான்." அரைகுறையாக நிற்கும் வண்டியை யாரோ தெரியாமல் முடுக்கி, ஒருவனுக்குக் கை போனதைப் பார்த்தவர் அவர்.

அவர் அடிக்கடி சொல்கிற இன்னொன்று உண்டு. "இறுக்கறதுக்கு யாருக்கும் சொல்லித்தர வேண்டாமுங்க. எங்க நிறுத்தறதுன்னு தெரியோணும்." என் கையைப் பார்த்துத்தான் அதைச் சொல்வார்.

கடைசி ஞாயிறு எல்லாம் முடிந்திருந்தது. மாலையில் வால் விசிறியைத் தண்டோடு பிடித்து நிறுத்தும் ஸ்க்ரூவை நான்தான் இறுக்கினேன். பச்சரிசி அளவு இருக்கும். அடுத்த ஞாயிறு பறக்கவிடலாம் என்று முடிவு செய்து, தேநீர் குடித்துப் பிரிந்தோம். நடுவில் வந்தது அந்தப் புதன்கிழமை.

கருமாதி அன்று, சடங்கெல்லாம் முடிந்த பிறகு, சரோஜா அக்கா என்னிடம் வந்தார். "மூணு வருசமா ஞாயித்துக்கெழமையெல்லாம் இதுக்குத்தானுங்க போச்சு. சனமெல்லாம் இருக்கறப்பவே ஒருக்கா பறக்கட்டுமுங்க சார்" என்றார். மறுக்க எனக்கு மனம் வரவில்லை. காட்டுக்குக் கொண்டுபோனோம். சொந்தக்காரர்களும் நண்பர்களுமாக அறுபது பேர் இருப்பார்கள். அக்காவின் அண்ணன் புது ரிக்குக்கு வைப்பது போலச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். சக்கரத்தைவிடப் பழம் பெரிதாக இருந்தது. எல்லாவற்றையும் சரிபார்த்தேன். வால் ஸ்க்ரூவை மட்டும் பார்க்கவில்லை. அது மூடிக்குள் இருப்பது, நானே இறுக்கியது. பேட்டரியை இணைத்துவிட்டு, எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னேன்.

அப்போது அக்கா ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தார். அண்ணன் மேல் இருந்தவற்றைப் போட்டு மருத்துவமனையில் கொடுத்த பை. அண்ணனுடைய மூக்குக் கண்ணாடியை எடுத்து எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அவரும் பார்க்கட்டும் என்று நினைத்தார் போல. பிறகு பைக்குள் கைவிட்டு, "இதும் உங்க சாமான் மாதிரி இருக்குதுங்க சார். சட்டை ஜோப்புல இருந்துச்சாம்" என்று ஒரு காகித மடிப்பைக் கொடுத்தார்.

பிரித்துப் பார்க்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. முதலில் பேட்டரியைப் பிடுங்கி எடுத்தேன். வால் மூடியைத் திறந்தேன். ஸ்க்ரூ இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை மட்டும் இருந்தது. சும்மா தொட்டால் விசிறி உறுதியாகத்தான் தெரியும். மேலே எழுந்த பிறகு கழன்றிருக்கும். கத்தி போலச் சுற்றும் இறக்கைகளோடு அது எந்தப் பக்கம் பாய்ந்திருக்கும் என்று சொல்ல முடியாது. முன்வரிசையில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

ஸ்க்ரூவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மரை முழுக்க நசுங்கியிருந்தது. அளவுக்கு மேல் இறுக்கினால்தான் அப்படி ஆகும். அது என் கை செய்த வேலை. அந்த ஞாயிறு நான் போன பிறகு அவர் பார்த்திருக்கிறார், கழற்றியிருக்கிறார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அளவு காட்டி வேறு வாங்கிவர அதைப் பையில் போட்டுக்கொண்டு சேலத்துக்குப் பேருந்து ஏறப் போயிருக்கிறார். சேலத்திலிருந்து தினமும் வருகிற என்னிடம் சொல்லியிருந்தால் நான் வாங்கி வந்திருப்பேன். சொன்னால் நான் சங்கடப்படுவேன் என்று விட்டிருக்கிறார்.

அங்கேயே அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "இது இல்லீன்னா வேற ஒண்ணுக்குப் பஸ் ஏறியிருப்பாருங்க சார். நீங்க மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். பிறகு, "இத்தன பேரு நிக்கறப்ப எடுக்க வேண்டாம்னு ஜோப்புல வெச்சிருந்து நிறுத்திப்போட்டாரு பாருங்க" என்று சொல்லும்போதுதான் அவர் குரல் உடைந்தது.

எப்போது பறக்கவிடப் போகிறீர்கள் என்று நீங்கள் எல்லோரும் கேட்கிறீர்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். புது ஸ்க்ரூ சேலத்தில் ஐந்து ரோடு பக்கத்துக் கடையில் ஐந்து நிமிடத்தில் கிடைக்கும். இரண்டு முறை கடை வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். அந்த நசுங்கிய ஸ்க்ரூ, அதே காகிதத்தில் மடித்தபடி என் சட்டைப் பையில் இருக்கிறது. துவைக்கப் போடும் முன் எடுத்து அடுத்த சட்டைக்கு மாற்றிக்கொள்கிறேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். என்றைக்காவது புதியதை வாங்கிப் போட்டு, அக்கா பார்க்கப் பறக்கவிட வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் கழற்றியவர் வாங்கிவரத்தான் போயிருக்கிறார், வரட்டும் என்றே மனம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது.