மோவா கேட்காத ஒரு நாள்

2011 ஆகஸ்ட் 14. நைஜர் நாடு, தகோரோ ஊருக்கு வடக்கே மேய்ச்சல் வெளி. மாடு மேய்க்கும் வொடாபே நாடோடிக் குடும்பம்: மோவா, நாற்பது வயதிருக்கும், கணவர் கோர்ஜோ, அவருடைய தங்கை ஹுரேரா, இரண்டு சிறு பிள்ளைகள். மூத்த மகன் பாங்கோ, பதினேழு வயது, முகாமில் இல்லை. வழிதவறிய இரண்டு கிடாரிகளைத் தேடித் தெற்கே போனவன் இன்னும் திரும்பவில்லை.

புல் தீர்ந்துவிட்டது, காலையில் வடக்கே கிளம்பியாக வேண்டும். ஆனால் கிழக்கே மேகம் கறுத்திருந்தது. மழை பெய்தால் குளம்புத் தடம் அழியும். பின்னால் வருகிறவனுக்கு வேறு வழிகாட்டி கிடையாது. ஒரு நாள் பொறுப்போம் என்று மோவாவால் கேட்க முடியவில்லை. வொடாபே வழக்கில் பெற்றவர்கள் தலைப்பிள்ளையின் பெயரை உச்சரிப்பதில்லை. அவனுக்காக ஏங்குவதை வெளிக்காட்டுவதும் வெட்கக்கேடு.

விடியுமுன் எழுந்தவள், பொதிகழுதையின் கால்கட்டை அவிழ்த்து அதை விரட்டிவிட்டாள்.

"அண்ணி, குடுக்கையெல்லாம் கட்டியாச்சு. கழுதையக் காணோம்," என்றாள் ஹுரேரா.

"எங்கயாச்சும் மேயும்."

"அடிச்சாலும் நகராத சோம்பேறி. இன்னைக்குன்னு பாத்து அதுக்குக் கால் முளைச்சிருக்கு."

மோவா கட்டிய பாயைப் பிரித்தாள், மறுபடி கட்டினாள், மறுபடி பிரித்தாள்.

கோர்ஜோ தரையைப் பார்த்தார். கழுதையின் தடம் தெளிவாக வடக்கே போயிருந்தது. கோலைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் தெற்கே நடந்தார்.

"அண்ணே, தடம் இந்தப் பக்கம் போவுது."

"எனக்கும் கண்ணு இருக்கு. நீ போய்த் தயிரக் கடை."

உச்சி வெயிலில் கழுதை தானாகவே வந்து நின்றது. கோர்ஜோ பொழுது சாயும்போதுதான் வந்தார். மோவா பால் கொடுத்தாள்.

"தெக்கால மேய்ச்சல் எப்படி?" என்று மட்டும் கேட்டாள்.

"புல்லும் இல்ல. கண்ணுக்கெட்டின மட்டும் ஒரு மாடுகூட இல்ல."

மறுநாள் காலை மாடுகள் பசியில் கத்தின. இனி நிற்க முடியாது, புறப்பட்டார்கள். பாதி வழியில் மழை பிடித்தது. எல்லோருக்கும் பின்னால் நடந்த மோவா, கரைந்துகொண்டிருந்த குளம்புக் குழிகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஓடிப்போய் ஹுரேராவின் கையைப் பிடித்தாள்.

"நீ கூப்பிடலாமே. உனக்கென்ன தடை?"

"யாரை அண்ணி? பேரச் சொல்லு, கூப்பிடுறேன்."

மோவா பிடித்த கையை இன்னும் இறுக்கினாள். ஹுரேரா அதற்குமேல் கேலி செய்யவில்லை. தெற்கே திரும்பி, வாயருகே கைகளைக் குவித்துக்கொண்டு அண்ணன் மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

நான்கு முறை கூப்பிட்டாள்.