அடிக்கிற மீனைத்தான் தூக்கணும்

என் அண்ணன் செல்லச்சாமி பொண்டாட்டியை அடிக்கிறவன். இதை மூடி மறைத்துப் பேச எனக்கு வராது. கூடப் பிறந்த நானே சொல்லாவிட்டால் வேறு எவர் சொல்லப்போகிறார்கள்? ஆனால் இது அவன் கதை இல்லை. என் மதினி கோகிலாவின் கதை. இராமநாதபுரம் கேணிக்கரையில் வண்ண மீன் கடை எங்கே என்று யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். அந்தக் கடைக்காரி அவள்தான்.

மதினிக்குப் பிறந்த ஊர் முதுகுளத்தூர்ப் பக்கம். மிளகாய்க் காடும் கருவேலமுமாகக் கிடக்கிற பூமி. கண்மாய்க் கெளுத்தியைத் தவிர வேறு மீனை உயிரோடு பார்க்காமல் வளர்ந்தவள். அவளுடைய அய்யா பால்சாமி காட்டில் ஒரு துண்டை விற்று, கல்யாணத்துக்கு இந்தக் கடை இருக்கிற வீட்டை மகள் பேரில் வாங்கிக் கொடுத்தார். கல்யாணத்துக்கு யாரோ ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் இரண்டு தங்கமீன் கொடுத்தார்கள். மூன்றாம் நாளே இரண்டும் செத்து மிதந்தன. வேறொருத்தியாக இருந்தால் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்திருப்பாள். இவளுக்கு வந்ததோ கோபம். "ஏன் செத்துச்சு?" என்று ஊரெல்லாம் விசாரித்தாள். குழாய்த் தண்ணீரில் மருந்து கலந்து விடுகிறான், ஒரு நாள் பிடித்து வைத்திருந்துதான் தொட்டியில் ஊற்ற வேண்டும் என்று ஒருவன் சொன்னான். "இத முன்னாடியே ஒருத்தன் சொல்லித் தொலைச்சிருந்தா ரெண்டு உசுரு பொழைச்சிருக்கும்ல" என்றாள். அங்கிருந்து தொடங்கியது. ஐந்து வருடத்தில் முன்னறை முழுக்கத் தொட்டி.

மீன் விற்பதைவிட மீனுக்கு வைத்தியம் சொல்வதுதான் அவளுக்குப் பெரிய வேலை. போனில் படம் எடுத்துக்கொண்டு வருவார்கள். மீன் மேலே பஞ்சு பூத்திருக்கிறது என்று ஒரு வாத்தியார் மொத்தத் தண்ணீரையும் மாற்றிவிட்டு வந்து நின்றார். "ஒங்கள தூங்கையில தூக்கிக் கொண்டுபோய் வேத்தூர்ல போட்டா நீங்க நல்லாருப்பீகளா? மூணுல ஒரு பங்குதான் மாத்தணும் சார்" என்றாள். வேறொருத்தர் இவள் உப்பு போடச் சொன்னதைக் கேட்டுப் படியால் அளந்து கொட்டியிருந்தார். "மீனு வளக்குறீகளா, ஊறுகா போடுறீகளா?" என்று கேட்டாள். திட்டு வாங்கியவர்கள்தான் மறுபடி மறுபடி வந்தார்கள். உடம்பில் வெள்ளைப் புள்ளி, கிழிந்த துடுப்பு, சோர்ந்து கிடப்பது, எல்லாவற்றுக்கும் அவளுக்கு முதல் மருந்து கல் உப்பு. அந்த உப்பு வாலிநோக்கத்து அளத்திலிருந்து வரும். கொண்டு வருகிறவன் அண்ணன். குட்டியானை வண்டியில் உப்பு ஏற்றுவதுதான் அவன் தொழில்.

அவன் குடிக்கமாட்டான். குடித்துவிட்டு அடித்தான் என்று சொல்லித் தப்பிக்கக்கூட எங்களுக்கு வழியில்லை. கல்யாணமான மூன்றாம் மாதம் சோறு குழைந்துவிட்டதென்று தட்டை வீசினான், புருவம் கிழிந்தது. இரண்டு வருடம் கழித்து ஒரு குத்தில் கடைவாய்ப் பல் போனது. ஒவ்வொரு தடவையும் எங்கள் ஆத்தா ராக்கு ஒரே வார்த்தையைத்தான் சொல்வாள். "ரெண்டு நாளு ஒங்க ஆத்தா வீட்டுல இருந்துட்டு வாம்மா. இவன் சூடு தணியட்டும்." சொல்லிவிட்டு மஞ்சப்பையில் இரண்டு சேலையைத் திணித்து என் கையில் கொடுப்பாள். நான் ரெண்டு தெரு தள்ளி இருக்கிறேன், தையல் வேலை. மிஷினைப் போட்டுவிட்டு ஓடி வந்து மதினியைப் பஸ் ஏற்றிவிடுவேன். இரண்டு தடவை இந்தக் கையாலேயே ஏற்றிவிட்டிருக்கிறேன். அவள் வீட்டைவிட்டு அவளையே.

இரண்டாம் தடவை போனவள் எட்டாம் நாள் திரும்பினாள். தொட்டிக்குக் காற்று விடுகிற மோட்டார் இரைகிறதென்று அண்ணன் நிறுத்தி வைத்திருந்தான். தினமும் யார் தீனி போடுவது என்று டப்பாவையே கவிழ்த்திருந்தான். தீனி அழுகித் தண்ணீர் பால்போலக் கலங்கிக் கிடந்தது. நாற்றம் தெருமுனை வரை வந்தது. பல் போனபோது அழாதவள், அன்றைக்குச் செத்த மீனை வாளியில் அள்ளி அள்ளி அழுதாள்.

"ஈஸ்வரி, இன்னொரு தடவ என்னைய அனுப்புனீங்கன்னா இந்தக் கட இருக்காது. கட இல்லேன்னா நா இருக்க மாட்டேன்" என்றாள்.

நான் தலையை ஆட்டினேன். ஆட்டினால் ஆயிற்றா?

போன ஆவணியில் ஒருநாள் மதியம் நான் கடையில் இருந்தேன். காரங்காட்டிலிருந்து சீனி முகம்மது வந்திருந்தார். வீட்டில் பெரிய தொட்டி வைத்திருக்கிறவர். அதில் சிக்லிட் ஒன்று மற்ற மீன்களைக் கடித்துக் குதறுகிறதாம்.

"கடிபட்டத எடுத்து வாளியில போட்டு வைக்கிறேம்மா. அது தேறுறதுக்குள்ள இன்னொண்ணக் கடிச்சிருது" என்றார்.

"கடிபட்டத ஏண்ணே எடுக்குறீக? அடிக்கிறத எடுங்க. பத்து நாளு தனித் தொட்டியில போடுங்க. அதுக்குள்ள பெரிய தொட்டியில கல்லு, செடி எல்லாத்தையும் எடம் மாத்திருங்க. திரும்பி வாரப்ப அதுக்கு அது புது எடமா இருக்கணும். தன் எடம்னு நெனச்சாத்தான் அது கடிக்கும்."

"அப்பவும் கடிச்சா?"

"அப்பவும் கடிச்சா கடைசி வரைக்கும் தனித் தொட்டிதான்."

அவள் சொல்லி முடிக்கவில்லை, வாசலில் வண்டி வந்து நின்றது. அண்ணன் நாலு தடவை போன் அடித்திருக்கிறான். மதினியின் கை இரண்டும் முழங்கை வரை தண்ணீரில் இருந்தன, எடுக்கவில்லை. அவ்வளவுதான் குற்றம். வண்டியிலிருந்த ஜாக்கிக் கம்பியோடு இறங்கி வந்தான். "போன எடுக்க முடியாத அளவுக்கு எவன்கூடடி பேச்சு?" என்று கேட்டவன், பதிலுக்கு நிற்காமல் முதல் தொட்டியில் போட்டான்.

கண்ணாடி வெடித்து, ஒரு தொட்டித் தண்ணீரும் எங்கள் மேலே கொட்டியது. இரண்டாவது தொட்டி. மூன்றாவது. மூன்றாவதில் இருந்தது பெரிய ஆஸ்கார் மீன். வெள்ளைப் புள்ளி வந்து சாகக் கிடந்ததைப் பன்னிரண்டு நாள் சூடும் உப்பும் கொடுத்துக் காப்பாற்றி வைத்திருந்தாள். அது தரையில் கிடந்து துள்ளியது. மதினி குனிந்து இரண்டு கையாலும் அதை எடுக்கப்போனாள். அண்ணன் மீனை மிதித்தான். அவள் விரலும் அவன் காலுக்கடியில் இருந்தது. பிறகு கொண்டையைப் பிடித்து, தொட்டி வைக்கிற இரும்பு ஸ்டாண்டில் அவள் தலையை இடித்தான். ஒருதரம் இல்லை, மூன்று தரம். சீனி முகம்மது பின்னாலிருந்து கட்டிப் பிடித்தார். அவரை உதறித் தள்ளியதில் கண்ணாடிச் சில்லின் மேலே போய் விழுந்தார். தரையில் ஓடிய தண்ணீர் சிவப்பாகிவிட்டது.

கை ஓய்ந்ததும் அண்ணன் கம்பியைப் போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினான். மதினி எழுந்திருக்கவில்லை. நெற்றியிலிருந்து ஒழுகிய ரத்தம் கண்ணை மறைக்க, முழங்காலில் தவழ்ந்து, உயிரிருக்கிற மீனையெல்லாம் பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போட்டுக்கொண்டிருந்தாள். விரலெல்லாம் கண்ணாடி கிழித்திருந்தது. ஒவ்வொரு தடவை வாளிக்குள் கை விடும்போதும் எரிச்சலில் பல்லைக் கடித்தாள். ஆனாலும் நிறுத்தவில்லை.

உள்ளேயிருந்து ஆத்தா வந்தாள். கையில் அதே மஞ்சப்பை.

"சரி, ஆனது ஆச்சு. ரெண்டு நாளு அங்கன இருந்துட்டு வாம்மா. சூடு தணியட்டும். ஈஸ்வரி, பஸ் ஏத்திவிட்டு வா."

பை என் கைக்கு வந்துவிட்டது. மதினி என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். வாளிக்குத் திரும்பிவிட்டாள். பத்து நிமிடத்துக்கு முன்னால் இதே இடத்தில் அவள் சீனி முகம்மதுவுக்குச் சொன்னது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. நாங்கள் ஐந்து வருடமாகக் கடிபட்டதையே தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறோம்.

உள்ளே போனேன். பையிலிருந்த சேலையை உதறிக் கட்டிலில் போட்டேன். அண்ணனுடைய இரண்டு கைலி, மூன்று சட்டை, போன் சார்ஜர், பல்விளக்குகிற பிரஷ் எல்லாவற்றையும் திணித்துக் கொண்டுவந்து அவன் வண்டியில் எறிந்தேன்.

"கெளம்புலே" என்றேன். என்னைவிட ஆறு வயது மூத்தவனிடம் அன்றைக்குத்தான் முதல் தடவை அப்படிச் சொன்னேன்.

வந்து செவுளில் அறைந்தான். காது அடைத்துப் போனது. மறுபடியும் கையை ஓங்கினான். கீழே கிடந்த கம்பி என் கைக்கு எப்படி வந்தது என்று கேட்டால் தெரியாது. ஓங்கிய கையிலேயே போட்டேன். எலும்பு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. அதற்காக நான் இன்றுவரை வருத்தப்படவில்லை. ஆத்தா நெஞ்சில் அடித்துக்கொண்டு, "கூடப்பெறந்தவன அடிக்கிறியேடி பாவி" என்றாள். "இத்தன நாளு அடிக்காம இருந்ததுதான் பாவம்" என்றேன்.

யாரோ அவனை ஏற்றிக்கொண்டு போனார்கள். கட்டுப் போட்டுக்கொண்டு வாலிநோக்கத்து உப்புக் கொட்டகையில் கிடக்கிறான் என்று சேதி வந்தது. மதினிக்குப் பெரியாஸ்பத்திரியில் ஒன்பது தையல். மறுநாள் மகளிர் காவல் நிலையத்துக்குப் போய் எழுதிக் கொடுத்தாள். சாட்சிக் கையெழுத்து நானும் சீனி முகம்மதுவும். அவன் கைக்கட்டு அவிழ்ந்ததும் கூப்பிட்டு விசாரிக்கிறோம் என்றார்கள். ஆத்தா இரண்டு நாள் சாப்பிடவில்லை. பொம்பளையை வீட்டில் வைத்துக்கொண்டு ஆம்பளையை வெளியே அனுப்புகிற ஊர் எங்கே இருக்கிறது என்று சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மதினிக்கு வேலை இருந்தது. அண்ணன் படுக்கிற கட்டிலைப் பிரித்துப் பரணில் போட்டாள். அவன் உட்கார்ந்து டிவி பார்க்கிற சுவரோரம் நான்கு புதுத் தொட்டி வந்தது. வாசல் பூட்டை மாற்றினாள். பதிமூன்றாம் நாள் சீனி முகம்மது வந்தார், முழங்கைக் காயம் ஆறியிருந்தது. அவருடைய சிக்லிட்டைத் திரும்ப விட்டாராம். இரண்டு நாள் மூலையில் பம்மிக் கிடந்துவிட்டு மூன்றாம் நாள் இன்னொன்றின் வாலைக் கிழித்துவிட்டதாம்.

"சொன்னேன்லண்ணே. அதுக்கு இனி தனித் தொட்டிதான்" என்றாள் மதினி.

பதினைந்தாம் நாள் காலையில் குட்டியானை வந்து நின்றது. வேறொருவன் ஓட்டி வந்தான். அண்ணன் கையைத் தூளியில் தொங்கவிட்டபடி இறங்கினான். முகம் வாடிப் போயிருந்தது. பொய் சொல்வானேன், எனக்குக்கூட ஒரு நொடி இரக்கம் வந்தது.

"உப்பு தீந்துருக்கும்ல. ஒரு மூட்ட கொண்டாந்தேன்" என்றான்.

மதினி தொட்டியிலிருந்து கையை எடுத்துத் துடைத்தாள். அவன் அவளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தான்.

"கட்டில எங்க?"

"அங்கன தொட்டி வச்சாச்சு."

"அப்ப நா எங்கன படுக்க?"

"இத்தன நாளு எங்கன படுத்தீகளோ அங்கனதான்" என்றாள். குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. "உப்ப எறக்கி வச்சுட்டுப் போங்க."

அவன் ஆத்தாவைப் பார்த்தான். ஆத்தா மதினியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கடைசியில் மகனிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "நீ போலே. இவ சூடு தணியட்டும்."

மாசம் ஏழு ஆகிறது. மதினியின் சூடு தணியவில்லை, தணியவும் வேண்டாம். அன்றைக்கு அவன் வாசலில் விட்டுப் போன அந்த உப்பு மூட்டையை நான்தான் உள்ளே இழுத்து வைத்தேன்.